மாந்தோப்புக் கவாத்துக் கழிவைக் கரியாக்கி மண்ணில் பூட்டி வைப்பது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரா ரக மாங்காய் அறுவடை முடிந்து கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு போவது நின்றதும், ஆடி ஆவணியில் சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் தோப்புக்குத் தோப்பு கவாத்து, அதாவது கிளை கழிப்பது, நடக்கும். கனமான கிளைகள் விறகுக்குப் போய்விடும். மிச்சமுள்ள சுள்ளியும் மிலாரும் வரப்போரமாகக் குவிந்து கிடக்கும், காய்ந்ததும் ஒரு நாள் சாயங்காலம் தீ வைத்துவிடுவார்கள். அந்தக் கிளைகள் பல வருஷமாகக் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கார்பன் ஒரு மணி நேரத்தில் திரும்பக் காற்றுக்கே போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது நாலு கூடை சாம்பல்.

அதே குவியலை வேறு மாதிரி எரித்து, சாம்பலாகும் முன் நிறுத்தி, கரியாக எடுத்து மண்ணில் கலந்தால், அதில் இருந்த கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நம் நிலத்திலேயே தங்கும். பெரும்பகுதி நூறு வருஷத்துக்கும் மேல் தங்கும். இதற்குப் பெயர் பயோசார், தமிழில் உயிர்க்கரி என்கிறார்கள். ஒரு குழி, காய்ந்த மரம், தண்ணீர், அரை நாள் உழைப்பு, இவ்வளவுதான் தேவை. ஆனால் முறை தவறினால் புகை கக்கி, நன்மையை விடக் கெடுதல் அதிகமாகிவிடும், அதனால் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இதற்கும் கார்பன் பிடிப்புத் தொழில்நுட்பத்துக்கும் என்ன சம்பந்தம்

தொழில் புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. இதைக் குறைக்க உலகம் முயலும் வழிகளில் ஒன்று, ஆலைப் புகைக்கூண்டிலேயே அந்த வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் செலுத்திப் பூட்டுவது. புகையை அமைன் என்ற ரசாயனக் கரைசல் வழியாக விடுவார்கள், அது கார்பன் டை ஆக்சைடை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு கரைசலை 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் வாயு தனியே பிரிந்து வரும். அதை அழுத்தி, ஏறக்குறைய திரவம் மாதிரி ஆக்கி, 800 மீட்டருக்கும் கீழே உள்ள பாறை அடுக்குக்குள் செலுத்துவார்கள். நார்வேக்காரர்கள் வட கடலில் ஸ்லைப்னர் எரிவாயு வயலில், எடுக்கும் எரிவாயுவிலிருந்தே பிரித்த கார்பன் டை ஆக்சைடை 1996 முதல் இப்படிச் செலுத்துகிறார்கள், வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் வரை கடலடி மணற்பாறைக்குள் போயிருக்கிறது. நம் தூத்துக்குடியிலேயே ஒரு சோடா ஆலை 2016-இல் தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து வருஷம் 60,000 டன் வரை பிடிக்கும் அமைப்பை ஓட்டத் தொடங்கியது. ஆனால் அங்கே பிடித்ததைப் பூமிக்குள் அனுப்பவில்லை, சோடா உப்பு தயாரிக்கப் பயன்படுத்தினார்கள்.

சரி, நம் மாவட்டத்தில் பூமிக்குள் செலுத்த முடியுமா? போர் போட்ட அனுபவம் உள்ள யாருக்கும் பதில் தெரியும். வாயுவைச் சேமிக்க, நுண்துளைகள் நிறைந்த மணற்பாறையும் அதன் மேல் கசிவைத் தடுக்கும் களிப்பாறையும் வேண்டும். நமக்குக் கீழே இருப்பது கிரானைட்டும் நைஸ் பாறையும். ஆயிரம் அடி இறக்கினாலும் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. ஐஸ்லாந்தில் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறைக்குள் செலுத்தினார்கள், பெரும்பகுதி இரண்டு வருஷத்துக்குள் கல்லாகவே மாறிவிட்டது. நம் குவாரிகளில் வெட்டும் கருப்பு கிரானைட் பெரும்பாலும் டோலரைட், பசால்ட்டுக்குச் சொந்தக்காரப் பாறைதான், ஆனால் அது குறுகலான சுவர்களாக நிற்கிறது, துளையும் கிடையாது. ஆக, நம் ஊரில் கார்பனைப் பூட்டக் கைவசம் இருக்கும் இடம் மேல்மண்தான். அதுவும் மோசமான இடம் இல்லை. அமேசான் காடுகளில் பழங்குடிகள் கரி கலந்து உருவாக்கிய கருமண் ஆயிரம், இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அந்தக் கரியோடு இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 600 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வீச்சில் ஓடினால், ஒரே மணி நேரத்தில் 500 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். அதை ஈடுகட்ட ஆயிரம் டன்னுக்கு மேல் காய்ந்த மரத்தைக் கரியாக்க வேண்டும். அதனால் கரி போடுகிறோம், நிலக்கரி எரிப்பதைத் தொடரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலக்கரியும் டீசலும் குறையத்தான் வேண்டும். நாம் செய்வது, எப்படியும் எரிக்கப் போகிற ஒன்றிலிருந்து ஒரு பங்கைக் காப்பாற்றுவது. அந்த எல்லைக்குள் இது உறுதியான, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய வேலை, கூடவே நம் செம்மண்ணுக்கும் நல்லது.

எதை எரிக்கலாம், எதைத் தொடவே கூடாது

வேறு நல்ல உபயோகம் உள்ள எதையும் கரியாக்காதீர்கள். கேழ்வரகுத் தாள் மாட்டுக்கு. மா இலைச் சருகு மரத்தடி மூடாக்குக்கு. தேங்காய்த் தொட்டியை ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகளுக்கு வாங்கிப் போகிறார்கள், விற்றுவிடுங்கள். நல்ல கனமான விறகுக்கு விலை இருக்கிறது, அதைக் கரியாக்கினால் அடுப்புக்கு வேறு யாரோ வேறு மரத்தை வெட்டுவார்கள், கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகும்.

மிஞ்சுவது நிறைய. மாங்கவாத்து மிலார், துவரை மிலார், மரவள்ளிக் குச்சியில் நடவுக்கு எடுத்தது போக மீதி, மக்காச்சோளக் கட்டை, புளிய மரத்தின் சுள்ளி, ஏரிக்கரையிலும் வேலியிலும் அடைந்து கிடக்கும் வேலிக்காத்தான். கூழ் ஃபேக்டரி மாங்கொட்டையும் நன்றாகக் காய்ந்தால் கரியாகும், ஆனால் அதன் ஈரம் லேசில் போகாது, முதல் தடவையிலேயே அதில் கை வைக்க வேண்டாம்.

பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பிளாஸ்டிக் கலந்த குப்பை, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் செடிகள், இவை குழிக்குள் போகவே கூடாது. அந்த விஷம் கரியோடு மண்ணுக்குப் போய்ச் சேரும். கரிக்காக ஒரு பச்சை மரத்தைக்கூட வெட்டக் கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் இருப்பவர்கள் காப்புக்காட்டுக்குள் போய்ச் சுள்ளி பொறுக்குவதும் வேண்டாம், அது சட்டப்படி குற்றம், மேலும் காட்டில் விழுந்த கட்டை காட்டுக்கே உரம்.

காய வைப்பதில்தான் பாதி வெற்றி

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதை எரித்தால் சூடு முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும், குழியின் வெப்பம் ஏறாது, வெள்ளைப் புகை கிளம்பும். அந்த வெள்ளைப் புகையில்தான் ஆபத்து இருக்கிறது. மரத்திலிருந்து கிளம்பிய எரிவாயு எரியாமலே தப்பிப் போகிறது என்று அதற்கு அர்த்தம், அதில் மீத்தேன் இருக்கும். மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். நம் ஊர்ப்பக்கம் வேலிக்காத்தானை மண் மூடிப் போட்டு நாள்கணக்கில் புகைய விடுகிற கரிமூட்டத்தை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். கரி அதிலும் நன்றாக வரும், ஆனால் மண்ணில் பூட்டிய லாபத்தில் பெரும்பகுதியைப் புகை தின்றுவிடும்.

ஆவணியில் வெட்டினால் உடனே எரிக்க முடியாது, புரட்டாசி ஐப்பசியில் நம் பக்கம் நல்ல மழை. வெட்டியதும் இலையை உதிர விட்டு, மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் உள்ளதைப் பிளந்து, இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளாக்கிக் கல் வைத்து அதன் மேல் அடுக்குங்கள், தரையில் போட்டால் கரையான் வந்துவிடும். மேலே மட்டும் தார்பாய், பக்கவாட்டில் காற்று போக வேண்டும். மழை ஓய்ந்து மார்கழி கடைசியிலும் தை மாதத்திலும் எரிப்பதுதான் எங்கள் பக்கத்துக்குச் சரியான நேரம். காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம் மாசியில் ஆரம்பித்துவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள். மார்கழிப் பனியில் திறந்து கிடக்கும் சுள்ளி இரவோடு இரவாக ஈரம் உறிஞ்சும் என்பதால் எரிக்கும் நாள் வரை தார்பாயை எடுக்கக் கூடாது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, விரல் தடிமன் குச்சியை மடக்குங்கள். படக்கென்று முறிய வேண்டும். வளைந்து நார் நாராகக் கிழிந்தால் இன்னும் இரண்டு வாரம் போகட்டும். கனமான துண்டென்றால் இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்த மரம் கணீரென்று கேட்கும், ஈர மரம் மொத்தென்று கேட்கும்.

குழி

மரங்களின் கிளை நுனியிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, மேலே மின்கம்பி போகாத இடமாகப் பாருங்கள். மேல் வாய் 5 அடி அகலம், ஆழம் 3 அடி, அடிப்பாகம் இரண்டேகால் இரண்டரை அடிக்குக் குறுகி வர வேண்டும். பக்கச்சுவரைச் சாய்வாக வெட்டி, மண்ணை நன்றாகத் தட்டி இறுக்கி, முடிந்தால் சாணிக் கரைசல் ஊற்றி மெழுகிவிடுங்கள், கரியில் மண் கலப்பது குறையும். சாய்வு ஏன் என்றால், தீச்சுவாலை சுவரை ஒட்டி மேலேறி வாய் முழுக்கப் பரவுவதற்கு. செங்குத்துக் குழியில் ஓரங்களில் காற்று சுழன்று இறங்கிக் கரியைச் சாம்பலாக்கும்.

இரும்புத் தகட்டில் கூம்பு அடுப்பாகச் செய்தும் வைத்துக்கொள்ளலாம், வெல்டிங் கடையில் செய்து தருவார்கள். ஒரு தோப்புக்கு அது தேவையில்லை. நாலைந்து பேர் சேர்ந்து தோப்புக்குத் தோப்பு கொண்டுபோக நினைத்தால் மட்டும் செலவு செய்யுங்கள்.

தண்ணீர் முன்கூட்டியே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு குழிக்கு 500 லிட்டர், அதாவது இரண்டரை டிரம். தீ வைத்த பிறகு மோட்டார் போடப் போனால் கரன்ட் இருக்காது. போர் வற்றிக் கிடக்கும் தருமபுரிப் பக்கத்து மேட்டு நிலங்களில் இவ்வளவு தண்ணீர் கட்டுப்படியாகாது என்றால் வேறு வழி இருக்கிறது, அணைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

தீ வைப்பதும் அடுக்குவதும்

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நல்லது, காற்று அடங்கி இருக்கும். பஞ்சாயத்திலும் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பருத்தித் துணி, செருப்புக்குப் பதில் ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி. பாலியஸ்டர் சட்டையில் ஒரு பொறி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குழிக்குள் குனிந்து மூச்சு இழுக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது.

குழி நடுவில் குச்சிகளைச் சதுரமாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடி உயரம் அடுக்கி, அதன் தலையில் காய்ந்த தென்னம்பாளையோ பன்னாடையோ வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். கீழிருந்து வைத்தால் மேலே உள்ள குளிர்ந்த மரம் புகையும். மேலிருந்து வைத்தால் கிளம்பும் புகை சுவாலையைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கேயே எரிந்துவிடும்.

அடுக்கு சரிந்து தணலானதும் அடி முழுக்கப் பரப்பிவிட்டு, மெல்லிய குச்சிகளை ஒரு வரிசை போடுங்கள். இனி உங்கள் கண் தணலின் மேலேயே இருக்க வேண்டும். போட்ட வரிசை முதலில் கொழுந்துவிட்டு எரியும், பிறகு சுவாலை தாழும், குச்சிகள் முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகும், அதன் பிறகு அவற்றின் ஓரங்களில் மெல்லிய வெள்ளைச் சாம்பல் பூத்தது போலத் தெரிய ஆரம்பிக்கும். அந்தச் சாம்பல் தெரிந்ததுமே அடுத்த வரிசை. அதற்கு முன்னால் போட்டால் சுவாலை அமுங்கிப் புகை வரும், அதற்குப் பின்னால் போட்டால் அவ்வளவும் சாம்பலாகும். மெல்லிய மிலாருக்கு இது ஐந்து பத்து நிமிஷத்தில் வரும், தடித்த துண்டுக்குக் கொஞ்சம் கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் சாம்பலைப் பாருங்கள்.

என்ன நடக்கிறது என்றால், மேல் வரிசையின் சுவாலை ஒரு மூடி மாதிரி நின்று, இறங்கி வரும் ஆக்சிஜனையெல்லாம் தானே எடுத்துக்கொள்கிறது. கீழே உள்ள கரிக்கு எரிய ஆக்சிஜன் கிடைக்காது, ஆனால் சூடு மட்டும் 600, 700 டிகிரி வரை கிடைக்கும். அந்தச் சூட்டில் மரத்தில் உள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் வெளியேறி, மிஞ்சும் கார்பன் அணுக்கள் வளையம் வளையமாக இறுகப் பிணைந்துவிடும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் அந்தப் பிணைப்பை லேசில் உடைக்க முடியாது. இதில்தான் பூட்டு இருக்கிறது. சூடு போதாமல் 300 டிகிரியில் கருகிய மரத்துக்கு இந்த இறுக்கம் வராது, அது கறுப்பாக இருந்தாலும் சில பத்தாண்டுகளில் மக்கிவிடும்.

தடித்த துண்டுகளை நடு வரிசைகளில் போடுங்கள், கடைசியில் போட்டால் உள்ளே வேகாமல் நிற்கும். கடைசி இரண்டு மூன்று வரிசை மெல்லிய சுள்ளியாகவே இருக்கட்டும். குழி வாய் வரை நிறைய மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். புகை தொடர்ந்து வந்தால் போடுவதை நிறுத்திச் சுவாலை நிமிரும் வரை பொறுங்கள், வேகமாக முடிக்க வேண்டும் என்று அள்ளிக் கொட்டுவதுதான் இந்த வேலையைக் கெடுக்கும் முதல் காரணம்.

அணைப்பது

கடைசி வரிசையில் சாம்பல் பூத்ததும் தாமதிக்கக் கூடாது. முடிந்தால் ஒரு குழாயை அடி வரை இறக்கிக் கீழிருந்து தண்ணீர் ஏற விடுங்கள், எழும் நீராவி மேலே உள்ள கரியின் துளைகளைத் திறந்துவிடும். குழாய் வசதி இல்லையென்றால் மேலிருந்து வாளி வாளியாக ஊற்றி, மண்வெட்டியால் கிளறிக் கிளறி ஊற்றுங்கள். ஆவி முகத்தில் அடிக்கும், காற்றடிக்கும் பக்கம் முதுகு வைத்து நில்லுங்கள். தண்ணீருக்குப் பதில் கோமியமும் சாணிக் கரைசலும் பாதி கலந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கரி அப்போதே சத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

தண்ணீர் இல்லாத இடத்தில் ஈர மண்ணை அரையடிக் கனத்துக்கு முழுக்க மூடி, எங்கும் புகை கசியாமல் தட்டிவிட்டு, இரண்டு முழு நாள் விடுங்கள். கரியில் மண் கலக்கும், அதனால் நமக்கு நஷ்டம் இல்லை, போகப் போவதும் மண்ணுக்குத்தான். ஆனால் சீக்கிரம் திறந்தால் காற்றுப் பட்டுத் திரும்பப் பற்றிக்கொள்ளும்.

அணைத்த கரியை அன்றைக்கே மூட்டை கட்டிக் கொட்டகையில் போட வேண்டாம். நடுவில் ஒரு கங்கு உயிரோடு இருந்தால் கொட்டகையே போய்விடும். வெட்டவெளியில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் கழித்துக் கை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகுதான் அள்ள வேண்டும்.

நல்ல கரியா என்று பார்ப்பது

ஒரு துண்டை எடுத்து உடையுங்கள். முழுக்க ஒரே கறுப்பு, மரத்தின் ரேகை அப்படியே தெரிய வேண்டும், கல்லின் மேல் போட்டால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் வேகவில்லை, அடுத்த குழிக்குத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு பொடியை உள்ளங்கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். நல்ல கரி தண்ணீரிலேயே போய்விடும். பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் தார் இருக்கிறது என்று அர்த்தம், அது செடிக்கும் ஆகாது, நீடித்தும் நிற்காது.

கணக்கு

இந்த அளவுக் குழி ஒன்றில் காய்ந்த எடையில் 100 முதல் 150 கிலோ கரி கிடைக்கும், அதற்கு 500 முதல் 750 கிலோ காய்ந்த மரம் உள்ளே போயிருக்கும். காய்ந்த எடை என்பதைக் கவனியுங்கள், தண்ணீர் ஊற்றி அணைத்த கரியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம். ஒரு வாளி கரியை எடை போட்டு, அதை நாலு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்துத் திரும்ப எடை போட்டால் விகிதம் தெரிந்துவிடும்.

100 கிலோ காய்ந்த மரக்கரியில் ஏறக்குறைய 75 கிலோ கார்பன். கார்பன் அணுவின் எடை 12, கார்பன் டை ஆக்சைடின் எடை 44. எனவே 75-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 275 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நூறு வருஷத்தில் ஒரு பகுதி மக்கிப் போகும் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது நேர்மையான கணக்கு, 220 கிலோ நிற்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ வருகிறது, ஆக 80 லிட்டர் டீசல் கக்கியதற்குச் சமம். குழி புகைந்திருந்தால் இதிலும் குறையும். கரியை வண்டி வைத்துத் தூர ஊருக்குக் கொண்டுபோனால் அந்த டீசலையும் கழியுங்கள். இதே கரியை ஹோட்டல் தந்தூரி அடுப்புக்கு விற்றால் மொத்தமும் பூஜ்ஜியம், அத்தனையும் காற்றுக்குத் திரும்பிவிடும்.

உரமேற்றாமல் போடவே போடாதீர்கள்

குழியிலிருந்து எடுத்த கரியை அப்படியே நிலத்தில் கொட்டியவர்கள் சிலர், பயிர் மஞ்சளாகிப் போச்சு என்று இந்தப் பக்கமே திரும்புவதில்லை. வெறுங்கரியின் துளைகள் காலியாக இருக்கும். மண்ணில் விழுந்ததும் தழைச்சத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அந்தப் பருவத்துப் பயிருக்குப் பட்டினி. அதனால் முதலில் கரியின் வயிற்றை நிரப்ப வேண்டும்.

கரியைச் சாக்கில் போட்டு ஈரத்தோடு மரக்கட்டையால் தட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கும் கீழே உடையுங்கள். காய்ந்திருக்கும்போது உடைத்தால் பறக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம் கரி ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் இரண்டு பங்கு, கூடைக் கணக்கில் கலந்து, கோமியமோ ஜீவாமிர்தமோ (சாணி, கோமியம், வெல்லம் சேர்த்து ஊறவைத்த கரைசல்) சாணிக் கரைசலோ தெளித்து, நிழலில் மூன்று வாரம் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரம் போதும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி, பொடித்த கரியைத் தொழுவத்தில் மாடு நிற்கும் இடத்தில் ஒரு கூடை பரப்பிவிடுவது. கோமியம் அதில் ஊறும், அம்மோனியா நெடி குறையும், மறுநாள் காலை சாணியோடு அள்ளிக் குப்பைமேட்டில் போட்டால் எருவோடு சேர்ந்து மக்கிக் கரி தானாகவே தயாராகும். என்னைக் கேட்டால் ஐந்து மாடு உள்ள வீட்டுக்கு வேறு எந்த முறையும் வேண்டாம்.

நிலத்தில்

போடுவதற்கு முன் மண் பரிசோதனை அவசியம். மரக்கரி காரத்தன்மை உள்ளது. ஏற்கெனவே பிஎச் (மண்ணின் அமில காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.5-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும் களர் நிலத்தில் இதைப் போடாதீர்கள். நம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணுக்கு, குறிப்பாகத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் மானாவாரி மேட்டு நிலத்துக்கு, இது நன்றாக ஒத்துப்போகும். கரியின் நுண்துளைகள் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். நல்ல கரிசலில் விளைச்சல் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமலும் போகலாம், கார்பன் மட்டும் எங்கே போட்டாலும் அதே அளவு பூட்டப்பட்டிருக்கும்.

காய்க்கும் மா மரத்துக்கு, உச்சி வெயிலில் நிழல் விழும் எல்லையை ஒட்டி அரையடி ஆழத்தில் வட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டி, உரமேற்றிய கலவையில் பத்துப் பதினைந்து கிலோ போட்டு மண் மூடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் கொட்ட வேண்டாம், உறிஞ்சும் வேர் அங்கே இல்லை. புதுக் கன்று நடுவதாக இருந்தால் மூன்றடிக்கு மூன்றடி குழியில் மேல்மண்ணோடும் எருவோடும் மூன்று நாலு கிலோ போதும். தக்காளி, மிளகாய் போன்ற காய்கறிக்குப் பாத்தியிலோ நடவு வரிசையிலோ மட்டும் போடுங்கள், ஏக்கர் முழுக்க வீசினால் எவ்வளவு கரி இருந்தாலும் பற்றாது. எங்கே போட்டாலும் மேலாக விட்டுவிடக் கூடாது. கரி லேசு, ஒரு கனமழைக்கு வாய்க்கால் வழியே ஏரிக்குப் போய்விடும்.

நாலு மரத்துக்குப் போட்டு, அதே வரிசையில் நாலு மரத்துக்கு வெறும் எரு மட்டும் போட்டு, அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் கரியை எங்கே அதிகமாகப் போடலாம் என்று உங்கள் தோப்பே காட்டும்.

கார்பன் கிரெடிட் பற்றிக் கேட்பவர்களுக்கு

கார்பன் கிரெடிட் என்பது, இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு காற்றில் குறைந்தது என்று சரிபார்த்துத் தரும், விற்கக்கூடிய சான்று. பயோசாருக்குக் கிரெடிட் தரும் சர்வதேச முறைகள் இருக்கின்றன, சிறு விவசாயிகள் இப்படிக் குழியிலும் கூம்பு அடுப்பிலும் செய்யும் கரிக்கென்றே தனி விதிமுறை வகுத்த அமைப்பும் உண்டு. இந்திய அரசும் 2023-இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் ஒரு தோப்பின் இரண்டு மூன்று குழிக்கு யாரும் கிரெடிட் எழுதித் தர மாட்டார்கள், பரிசோதனைச் செலவே அதைத் தின்றுவிடும். நூறு இருநூறு விவசாயிகள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகச் சேர்ந்தால்தான் பேச்சுவார்த்தைக்கே வழி. அதற்கு முன்பணம் கேட்டு வரும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள்.

கிரெடிட் வருகிறதோ இல்லையோ, ஒரு நோட்டு போடுங்கள். எரித்த தேதி, என்ன மரம், எத்தனை நாள் காய்ந்தது, வாளிக் கணக்கில் எவ்வளவு கரி, காய்ந்த எடை, எந்தச் சர்வே எண்ணில் எந்த மரத்தடியில் போனது, குழி எரியும்போதும் மண்ணில் கலக்கும்போதும் தேதியோடு போட்டோ. பின்னால் யார் வந்து கேட்டாலும் இந்த நோட்டுதான் பேசும்.

மண் பரிசோதனை, உரமேற்றும் அளவு பற்றிய சந்தேகங்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும், தருமபுரிப் பக்கத்தவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். மண் மாதிரியை எரு போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அரையடி ஆழத்தில், தோப்பில் எட்டுப் பத்து இடத்திலிருந்து எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ போதும்.